வேன்-1 விழுந்த நேரங்கள்

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

புது ரூட்டர் வந்து மூன்று நாளாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பூஜை வரட்டும் என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். இன்று சர்வர் அறையைக் கழுவித் துடைத்து, ரூட்டரை மனைப்பலகையில் வைத்து, ஒவ்வொரு ஓட்டைக்கும் மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பத்தொன்பது வருஷமாக இந்தக் கண் ஆஸ்பத்திரியில் எந்த இயந்திரமும் என் கையால் பொட்டு வாங்காமல் ஓடியதில்லை.

ஃபைபர் செருகுகிற ஓட்டைக்குக் கறுப்பாக ஒரு ரப்பர் மூடி போட்டு அனுப்பியிருந்தார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தது. கழற்றி எறிந்தேன். செண்பகவல்லி குனிந்து அதைப் பொறுக்கினாள்.

"சார், இது இருக்கட்டுமே. உள்ள தூசி போயிரும்."

"மூடி போட்டு வச்சா சாமி எப்படிம்மா பாக்கும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூடியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆகஸ்டில் சேர்ந்தவள். கோவில்பட்டிக்காரி. அம்மாவோடு மேலகரத்தில் வாடகைக்கு இருக்கிறாள். கணவன் மஸ்கட்டில். எனக்கு உதவிக்கு என்று சொல்லிப் போட்டிருக்கிறார்கள். நான் யாரிடமும் உதவி கேட்கவில்லை. நவம்பர் பத்தாம் தேதி அவளை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும். எனக்கு ஐம்பத்தைந்து வயது. கணக்குப் போடத் தெரியாதவனில்லை நான்.

அக்டோபர் 2, வியாழன்

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன். விடுமுறை என்பதால் புறநோயாளிகள் கிடையாது. நிதானமாக மாட்ட முடிந்தது.

வேலை இவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குள் ஓடுகிற வயர்களெல்லாம் ரூட்டரின் ஒரு பக்கம். வெளியுலகத்துக்குப் போகிற வழி மறுபக்கம். அந்த வெளிப்பக்க ஓட்டைகளை வேன் (WAN) போர்ட் என்போம். வேன்-1இல் ஃபைபர் லைன். வேன்-2இல் மொட்டைமாடி ஆன்டெனாவிலிருந்து இறங்கும் லைன். ஃபைபர் விழுந்தால் ரூட்டர் தானாக இரண்டாவதற்கு மாறிக்கொள்ளும். அதற்கு அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தில் டாக்டர் பேசிக்கொண்டிருக்கிற வீடியோ அறுந்துவிடும்.

சுரண்டை, பாவூர்சத்திரம், இன்னும் ஐந்து ஊர்களில் எங்கள் சின்ன மையங்கள் இருக்கின்றன. அங்கே கண்ணைப் படமெடுத்து அனுப்புவார்கள். டாக்டர் இங்கே உட்கார்ந்து பார்த்து, நோயாளியிடம் திரையில் பேசுவார். எல்லாம் இந்த இரண்டு ஓட்டை வழியாகத்தான்.

மாட்டினேன். இரண்டும் பச்சை விளக்கு. செண்பகவல்லி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். எதற்கு எழுத வேண்டும்?

அக்டோபர் 3, வெள்ளி

வழக்கம்போலக் காலை எட்டு மணிக்கு வெள்ளிக்கிழமைப் பூஜை. ஃபைபரைப் பிடுங்கி, ஓட்டையையும் நுனியையும் ஈரத்துணியால் துடைத்து, புதுப் பொட்டு வைத்து, திரும்பச் செருகினேன். ஒரு தூசி இருக்காது. 8.40க்கு லைன் ஒருமுறை விழுந்து எழுந்தது. அது லைன் கம்பெனிக்காரன் பாடு.

11.10க்கு மறுபடி விழுந்தது. ஓடிப் போனால் சர்வர் அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. தட்டினேன். இரண்டு நிமிஷம் கழித்துத் திறந்தாள். முகம் சிவந்திருந்தது. கையில் நீலப் பை.

"என்னம்மா செஞ்சுக்கிட்டிருந்த?"

"சும்மா... வயர் பாத்துக்கிட்டிருந்தேன் சார்."

வயர் பார்க்க எதற்குத் தாழ்ப்பாள்?

அக்டோபர் 7, செவ்வாய்

வேன்-1 விழுந்தது. 11.05. உள்ளே செண்பகவல்லி.

அக்டோபர் 8, புதன்

இனி கண்கொத்திப் பாம்பாக இருப்பதென்று முடிவு செய்துவிட்டேன். தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். லைன் விழுந்த நேரம், அவள் எங்கே இருந்தாள், இரண்டே பத்தி.

கவனித்தவை: தினம் பதினொரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை நீலப் பையோடு உள்ளே போகிறாள். தாழ்ப்பாள். இருபது நிமிஷம். வெளியே வந்ததும் கைகழுவும் இடத்தில் என்னவோ கழுவுகிறாள். பிறகு கேன்டீன் குளிர்பெட்டியில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஒரு சாமானை வைக்கிறாள். சாயங்காலம் மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறாள்.

மதியச் சாப்பாடும் விசித்திரம்தான். நேற்றுப் பூண்டுக் குழம்பு, இன்று சுறாப்புட்டு, நாளைக்குத் திரும்பவும் பூண்டாக இருக்கும். பக்கத்தில் உட்கார முடியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

பூஜை நன்றாக நடந்தது. நுனியை இரண்டு தடவை துடைத்தேன். ஆனாலும் இன்று ஐந்து முறை விழுந்தது. அதில் ஒன்று 11.15. மற்ற நான்கு நேரமும் அவள் வெளியில்தான் இருந்தாள். ஆனால் உள்ளே ஏதாவது செய்துவைத்துவிட்டு வெளியே வந்திருக்கலாமே. அப்படிச் செய்ய வழியுண்டு.

"சார், வெள்ளிக்கிழமைதான் ரொம்ப விழுது. அந்த நுனியத் தொடாம விட்டுப் பாப்பமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பழியைப் பூஜையின் மேலேயே போடப் பார்க்கிறாள். "உன் வயசுல எனக்கு யாரும் சொல்லித் தரல" என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மாடிப்படிக்குக் கீழே நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தூணுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

"நூறுதான் எடுத்துச்சா? நூத்தம்பதுல்லா குடுத்திருந்தேன். மிச்சத்த என்ன செஞ்சிய?"

என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டாள். நோயாளிகளின் படங்களை யாருக்கோ அனுப்புகிறாள் என்று நினைக்கிறேன். நூற்றைம்பது படம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு நான்கு நாள் லீவில் போயிருக்கிறாள். நேற்று வேன்-1 இரண்டு முறை விழுந்தது, இன்று ஒருமுறை. வெடிச் சத்தத்தில் கம்பம் அதிர்ந்திருக்கும். நோட்டில் ஏற்றவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

பூஜை. பிறகு ஆறு முறை விழுந்தது.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் ஏசினார். சுரண்டை மையத்தில் ஒரு அம்மாளிடம், "கண்ணுல புரை விழுந்திருக்கும்மா, ஆனா" என்று சொல்லும்போது லைன் போய்விட்டது. அறுவை செய்தால் சரியாகிவிடும் என்கிற மிச்சத்தைச் சொல்வதற்குள் அந்த அம்மாள், பார்வை போச்சு, டாக்டரே சொல்ல மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அழுதுகொண்டே பஸ் ஏறிப் போய்விட்டாளாம். அவள் வீட்டுக்கு ஆள் அனுப்பித் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆவுடையப்பன், உங்களால முடியலன்னா சொல்லுங்க. அந்தப் பொண்ணுகிட்ட குடுத்திருதேன்" என்றார் டாக்டர்.

இதற்காகத்தான் இவ்வளவும் நடக்கிறது. எனக்கு இப்போது நன்றாகப் புரிந்துவிட்டது.

அக்டோபர் 29, புதன்

மகள் கோமதி சென்னையிலிருந்து பேசினாள். பேரனுக்கு எட்டு மாதம், உட்காருகிறானாம். நல்ல கம்பெனி, நல்ல வேலை. பிரசவ லீவு முடிந்து போனவள் மூன்றாம் வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அது ஒண்ணுமில்லப்பா" என்பாள். அவள் அம்மாவுக்குத் தெரியும்போல. எனக்கு யாரும் சொல்வதில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு இடத்தில் பொருந்தி இருக்கத் தெரியவில்லை என்று சொன்னேன். போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

நிர்வாக அதிகாரி மீனாட்சிசுந்தரத்திடம் கடிதம் கொடுத்தேன். என் நோட்டிலிருந்து பதினான்கு தேதிகள், நேரங்கள். "மேற்படி நேரங்களில் மேற்படி ஊழியர் சர்வர் அறையை உட்புறம் தாழிட்டு இருந்தது தெரியவருகிறது." நல்ல கடிதம். மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

அவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது உறுதியா ஆவுடை? ஒரு பொண்ணோட வேலை விஷயம்."

"உறுதிப்படுத்திருவோம் சார். உள்ள ஒரு கேமரா போட்டா போதும்."

"சரி, மாட்டிருங்க. என்ன வருதுன்னு பாத்துட்டுத் திங்கக்கிழம முடிவு பண்ணிருவோம்."

நவம்பர் 6, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் கிளம்பியதும் வேலையை ஆரம்பித்தேன். கூரையோரத்தில் நான்கு துளை போட்டு கேமராவை மாட்டினேன். அறை முழுக்கத் தெரிகிறது. படம் வாசல் காவலர் அறையில் இருக்கிற பெரிய திரைக்குப் போகும்.

காவலர் கருப்பசாமியிடம், நாளைக்குப் பதினொரு மணிக்குத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று சொல்லி வைத்தேன். "அண்ணாச்சி சொன்னா சரிதான்" என்றார். அந்த நேரத்தில் டிரைவர்களும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். சாட்சிக்கு ஆகும்.

நவம்பர் 7, வெள்ளி

இதை எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

காலை எட்டு மணிக்குப் பூஜை செய்தேன். 8.30க்கும் 9.20க்கும் லைன் விழுந்தது. 10.40க்கு லைன் கம்பெனியிலிருந்து இம்மானுவேல் என்று ஒரு இன்ஜினியர் வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை. செண்பகவல்லி இரண்டு வாரமாகப் போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள்.

"எங்க லைன் வாசல் வரைக்கும் சுத்தமா வருது அண்ணாச்சி. உள்ளதான் பாக்கணும்" என்றார். எனக்குக் கோபம். சரி, வந்ததுதான் வந்தார், அவள் செய்துவைத்திருப்பதை வெளியாள் ஒருவரும் பார்க்கட்டும் என்று கூட்டிப் போனேன். எங்களோடு அவள் உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே, வராந்தாவில் நின்றுகொண்டாள்.

இம்மானுவேல் வேன்-1இலிருந்து ஃபைபரைப் பிடுங்கி, பேனா மாதிரி ஒரு கருவியின் முனையில் நுனியை வைத்தார். கருவியின் சின்னத் திரையில் நுனி பெரிய வட்டமாகத் தெரிந்தது. நடுவில் ஒரு புள்ளி. புள்ளியின் மேலும் அதைச் சுற்றியும் சிவப்புச் சிவப்பாகத் துணுக்குகள்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு ரூட்டரின் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். விரலில் காலையில் வைத்த குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

"குங்குமம் அண்ணாச்சி" என்றார் மெதுவாக. "இதுக்குள்ள வெளிச்சம்தான் போயிட்டு வருது. அது போற பாதை தலைமுடியில பத்துல ஒரு பங்குதான் இருக்கும். வெறுங்கை பட்டாலே ஆகாது. இதுல ஈரம், சந்தனம் எல்லாம் போயிருக்கு. பொடி அசையும்போதெல்லாம் லைன் விழும், திரும்ப வரும்."

"பிடுங்குனா இத மாட்டணும்" என்று பையில் தேடினார். கறுப்பு ரப்பர் மூடி. என் காது இரண்டும் சூடாகிவிட்டது. யாரும் கேட்டார்களா என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

மணி பதினொன்றரை. செண்பகவல்லி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஃபைலை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் நீலப் பை. யாரோ ஒரு நோயாளி வழி கேட்க, கையை நீட்டிக் காட்டுவதற்காக ஃபைலை ஒரு நொடி விலக்கினாள். சுடிதாரின் முன்பக்கம் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. உடனே ஃபைலால் மறைத்துக்கொண்டாள்.

நான் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவன். என் மனைவி இப்படி நின்று நான் பார்த்திருக்கிறேன். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, குளிர்பெட்டியில் கறுப்புப் பொட்டலம், நூற்றைம்பது கொடுத்திருந்தேன், நூறுதான் எடுத்ததா. எல்லாம் ஒரே மூச்சில் விளங்கியது. எத்தனை நாள் பார்த்தேன், எத்தனை தேதி எழுதினேன், இது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியவில்லை என்றுதான் எழுத விரும்புகிறேன்.

கேமரா நினைவு வந்தது. வாசலில் பெரிய திரை. கருப்பசாமி. டீ குடிக்கிற டிரைவர்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். வயரைப் பிடுங்கினேன். அது வரவில்லை, கேமராவோடு சேர்த்து இழுத்தேன். சுண்ணாம்பு என் தலையில் கொட்டியது. இம்மானுவேல் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

கருப்பசாமி போன் செய்தார். "அண்ணாச்சி, திரை கறுப்பா ஆயிட்டு. ஒண்ணும் தெரியல."

"தெரிய வேண்டாம்" என்றேன்.

வெளியே போய், "உள்ள வேலை முடிஞ்சிட்டும்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள்.

இம்மானுவேல் நல்ல மனிதர். அறிக்கையில் "இணைப்பு முனையில் தூசி, சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

நவம்பர் 8, சனி

லைன் ஒருமுறைகூட விழவில்லை. தூசி என்றுதான் எழுதியிருக்கிறது. குங்குமமும் ஒரு வகையில் தூசிதானே.

நவம்பர் 9, ஞாயிறு

மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். நானாகக் கோமதிக்குப் போன் போட்டேன். நானாகப் போடுவது வழக்கமில்லை. அவள் பயந்துவிட்டாள்.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. நீ ஏன் வேலைய விட்ட?"

பேரன் என்னவோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"இப்ப என்னத்துக்குப்பா அது?"

"சொல்லு."

"பூட்டிக்கிற மாதிரி ஒரு ரூம் இல்லப்பா. கக்கூஸ்ல நின்னு பால எடுத்துக் கீழ கொட்டுவேன். ஒருநாள் மேல்மாடியில சாமான் போடுற ரூம்ல போய் நின்னேன். யாரோ கேமராவுல பாத்துட்டு, அங்க என்ன பண்ணுதீங்கன்னு மெயில் போட்டாங்க. பத்துப் பேருக்கு நகல். மறுநாள் எழுதிக் குடுத்துட்டேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன் என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

பத்து மணிக்கு மீனாட்சிசுந்தரம் அறைக்குப் போனேன். மேசைமேல் என் கடிதம். பக்கத்தில் அவளுடைய கோப்பு.

"லைன் விழுந்தது என்னாலதான் சார். நான் வச்ச குங்குமம். அறிக்கையில தூசின்னு இருக்கு. அது என் மானத்துக்காக லைன் கம்பெனி இன்ஜினியர் எழுதுனது."

அவர் சிரிக்கப் போனார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அப்ப இந்த லெட்டரு?"

"தப்பு சார். குடுத்திருங்க, நான் கிழிச்சிருதேன்."

"பதினாலு தேதி போட்டிருக்கீங்களே. தினம் ரெண்டு தடவ தாப்பாப் போட்டுக்கிட்டு அந்தப் பொண்ணு உள்ள என்னதான் பண்ணுது?"

"அது அவங்க டீ நேரம் சார். அத நாம கேக்க வேண்டாம்."

"கேமராவுல என்ன தெரிஞ்சுது?"

"நான் பிடுங்கிட்டேன். ஒண்ணும் தெரியல."

அவர் என்னையே பார்த்தார். அவருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. என்ன புரிந்துகொண்டாரோ, கடிதத்தை என் பக்கம் தள்ளினார். அவள் கோப்பில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம். பிறகு, "ரூட்டர் பொறுப்பு இனிமே அந்தப் பொண்ணுகிட்ட இருக்கட்டும் ஆவுடை. டாக்டரும் அதத்தான் சொல்லுதாரு" என்றார்.

எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலித்தது. வேறொன்றும் ஆகவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலை எட்டு மணி. சந்தனக் கிண்ணத்தோடு பழக்க தோஷத்தில் சர்வர் அறைக்கு வந்துவிட்டேன். செண்பகவல்லி ரூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் பொட்டுகளையெல்லாம் துடைத்திருந்தாள். ஒன்றைத் தவிர. மேல்மூடியின் நடுவில், ஓட்டைகளுக்கு எட்டாத இடத்தில் ஒரு பழைய பொட்டு இருந்தது.

"அங்க வைக்கலாம் சார். ஒண்ணும் ஆகாது" என்றாள்.

நான் வைத்தேன். அறைச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினேன். "ரெண்டு சாவியும் இருக்கு. இனிமே யாரும் தட்டமாட்டாங்க."

வாங்கிக்கொண்டாள். கூரையோரத்து நான்கு துளைகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வாரம் வியாழக்கிழம சாயங்காலம் சாப்பாட்டுப் பாத்திரத்த மறந்துட்டுத் திரும்பி வந்தேன் சார். நீங்க நாற்காலி மேல நின்னு மாட்டிக்கிட்டிருந்திய. அதான் மறுநாள் உள்ள போகாம நின்னேன்."

இன்ஜினியர் இருந்ததால் நிற்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன். மாட்டும்போதே பார்த்திருக்கிறாள். இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டு, காலையில் பாலைக் கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள், "எம் மவளுக்கு அஞ்சு மாசம் சார். பேரு மதிவதனி" என்றாள்.

நல்ல பேர் என்றேன்.

மதியம் வெள்ளைச் சிமெண்ட் வாங்கி வந்து நான்கு துளைகளையும் நானே அடைத்தேன். மேலே சுண்ணாம்பும் அடித்தேன். தடம் தெரியவில்லை. மூன்று மணிக்கு அவள் பையோடு வந்தாள். வாசலிலேயே நின்று அந்த மூலையை ஒருமுறை பார்த்தாள். மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தாள். பிறகுதான் கதவைச் சாத்தினாள்.